அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகப் பிறந்ததா? ராயபுரம் விவாதத்துக்குக் குறிப்பு வேண்டும்

கல்மண்டபத்தான்:

எல்லோருக்கும் வணக்கம். வருகிற ஞாயிறு மாலை ராயபுரத்தில் பங்கு இளையோர் விவாதம். தலைப்பு: "அமெரிக்கா கிறிஸ்தவ நாடாகவே நிறுவப்பட்டது". ஒட்டி மூன்று பேர், வெட்டி மூன்று பேர், ஆளுக்கு 8 நிமிடம். வாட்ஸ்அப்பில் வரும் மேற்கோள்களை அப்படியே வாசித்தால் நடுவர் மடக்கிவிடுவார். மூல ஆவணம் என்ன சொல்கிறது, எது பொய் மேற்கோள், நம்ம ஊர் அரசியல் சாசனத்தோடு எங்கே ஒப்பிடலாம் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள். இரண்டு அணிக்கும் இதே இழையைத்தான் கொடுக்கப் போகிறேன்.

வண்ணை_சட்டம்:

தம்பி, தலைப்பிலேயே ஒரு சிக்கல் இருக்கிறது. "நிறுவப்பட்டது" என்றால் எந்த வருடம், எந்தத் தாள்? மூன்று அடுக்கு இருக்கிறது. அதைக் கலந்து பேசுவதால்தான் இந்த விவாதம் எங்கே நடந்தாலும் முட்டிக்கொண்டு நிற்கிறது.

முதல் அடுக்கு 1776 சுதந்திரப் பிரகடனம். அதில் கடவுள் நான்கு இடத்தில் வருகிறார்: இயற்கையின் கடவுள், படைத்தவர், உலகத்தின் உன்னத நீதிபதி, தெய்வ பராமரிப்பு. இயேசுவின் பெயரோ வேத வசனமோ கிடையாது. அந்தச் சொற்கள் விசுவாசிக்கும் பொருந்தும், கடவுள் உலகத்தைப் படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டார் என்று நினைத்தவர்களுக்கும் பொருந்தும்.

இரண்டாவது அடுக்கு 1787 அரசியல் சாசனம். முகவுரையில் கடவுள் இல்லை. ஆறாம் பிரிவின் கடைசி வரி, எந்த மத்தியப் பதவிக்கும் மதத் தகுதி ஒருபோதும் கேட்கக் கூடாது என்கிறது. அந்த வரியை முன்மொழிந்தவர் தென் கரோலினாவின் சார்லஸ் பிங்க்னி. பதவிப் பிரமாணத்திலும் "ஆணையிடுகிறேன்" அல்லது "உறுதி கூறுகிறேன்" என்று இரண்டு வழி வைத்தார்கள். ஆணையிடுவதையே பாவமாக மறுத்த குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினருக்கு அது கதவைத் திறந்தது. ஒட்டிப் பேசுகிறவர்கள் பிடித்துக்கொள்ளும் இடம் இரண்டு: தேதியில் வரும் "நம் ஆண்டவரின் ஆண்டு", ஜனாதிபதி மசோதாவைத் திருப்பி அனுப்பும் பத்து நாள் கெடுவில் ஞாயிறைக் கழிப்பது. முன்னது அந்தக் காலத்தில் எல்லாப் பத்திரத்திலும் எழுதிய முறை. பின்னதில் கொஞ்சம் சத்து இருக்கிறது.

மூன்றாவது அடுக்கு மாகாணங்கள். ஒட்டி அணிக்கு உண்மையான பலம் இங்கேதான். யாரும் பயன்படுத்துவதில்லை.

பெரம்பூர்_லோகோ:

சார் மூன்றாவது அடுக்கைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டார், அதை நான் எடுத்துக்கொள்கிறேன். நான் ஒட்டி அணி.

டெலவேர் 1776 சாசனம்: பதவிக்கு வருகிறவர் பிதா, குமாரன், பரிசுத்த ஆவி மீது விசுவாசம் அறிக்கையிட வேண்டும், பழைய, புதிய ஏற்பாடுகள் தேவ ஏவுதலால் தரப்பட்டவை என்று ஒப்புக்கொள்ள வேண்டும். பென்சில்வேனியா 1776: சட்டமன்ற உறுப்பினர் இரண்டு ஏற்பாட்டையும் ஒப்புக்கொள்ள வேண்டும். வட கரோலினா 1776: புராட்டஸ்டன்ட் மார்க்கத்தின் சத்தியத்தை மறுப்பவருக்குப் பதவி இல்லை. 1835-ல்தான் "புராட்டஸ்டன்ட்" என்பது "கிறிஸ்தவ" என்று மாறியது. மேரிலாந்தில் யூதர் பதவிக்கு வர 1826 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

மத்தியிலும் கொஞ்சம் உண்டு. 1787 வடமேற்குப் பிரதேசச் சட்டம், நல்ல அரசுக்கு மதமும் ஒழுக்கமும் அறிவும் தேவை, அதனால் பள்ளிகளை ஊக்குவிக்க வேண்டும் என்கிறது. 1789-ல் முதல் காங்கிரஸே, அதாவது அமெரிக்க நாடாளுமன்றமே, ஜெபம் நடத்தச் சாப்ளின் (போதகர்) நியமித்து வருடம் 500 டாலர் சம்பளம் கொடுத்தது. அதே வருடம் அக்டோபர் 3 அன்று வாஷிங்டன் நன்றியறிதல் நாள் அறிவித்தார். பிரகடனத்தில் கையெழுத்திட்ட ஜான் விதர்ஸ்பூன் ஊழியத்தில் இருந்த பிரஸ்பிட்டீரியன் போதகர். சாசனத்தை வடித்தவர்களில் முக்கியமானவரான மேடிசன் படித்த கல்லூரியின் தலைவரும் அவர்தான். மதத்துக்கு இங்கே வேலையே இல்லை என்று யாராவது சொன்னால் இவ்வளவையும் தாண்டி வர வேண்டும்.

வியாசை_வாசகி:

லோகோ அண்ணன் சொன்ன ஆவணங்கள் எல்லாம் சரி. ஆனால் அந்த மாகாணச் சட்டங்கள் ஏன் ஒவ்வொன்றாக உதிர்ந்தன, உதிர்த்தது யார் என்று பார்க்காமல் விட்டால் கதையில் பாதிதான் கிடைக்கும். பெரும்பாலும் உதிர்த்தவர்கள் கிறிஸ்தவர்களே. காரணம் காசு.

வர்ஜீனியாவைப் பாருங்கள். அங்கே இங்கிலாந்து ராஜாவின் ஆங்கிலிகன் சபைதான் அரசு சபை. குருவானவருக்குச் சம்பளம் பணமாக இல்லை, புகையிலையாக: வருடத்துக்கு 16,000 பவுண்டு எடை. பங்கு எல்லைக்குள் இருக்கும் எல்லோர் மீதும் வரியாகப் போட்டு வசூலித்தார்கள். பாப்டிஸ்ட், பிரஸ்பிட்டீரியன், எந்தக் கோயிலுக்கும் போகாதவர் என்று யாருக்கும் விலக்கில்லை. 1758-ல் விளைச்சல் பொய்த்துப் புகையிலை விலை ஏறியது. பவுண்டுக்கு இரண்டு பென்ஸ் என்று கணக்குப் போட்டுப் பணமாகக் கட்டலாம் என்று சட்டமன்றம் சட்டம் போட்டது. சந்தை விலை அதற்கு மேலே. குருமார் லண்டனுக்கு முறையிட, ராஜா சட்டத்தை ரத்து செய்தார். பாக்கியைக் கேட்டு ஒரு குருவானவர் போட்ட வழக்கில் 1763-ல் ஹனோவர் கவுண்டி ஜூரி அவருக்குக் கொடுத்த நஷ்டஈடு ஒரே ஒரு பென்னி. எதிர்த்தரப்பு வக்கீல் பேட்ரிக் ஹென்றி. அவர் பெயர் மாகாணம் முழுக்கப் பரவியது அந்த வழக்கில்தான்.

அதே காலத்தில் உரிமம் வாங்காமல் பிரசங்கித்த பாப்டிஸ்ட் போதகர்களைச் சிறையில் போட்டார்கள். குற்றச்சாட்டில் "அமைதிக்குப் பங்கம்" என்று எழுதினார்கள். ஆங்கிலிகன் குருவானவர் நடத்தினால்தான் திருமணம் செல்லும். 1780-ல் மற்ற சபைப் போதகர்களும் நடத்தலாம் என்று விட்டார்கள். அப்போதும் ஒரு கவுண்டிக்கு ஒரு சபையிலிருந்து நான்கு பேர்தான்.

1784-ல் அதே பேட்ரிக் ஹென்றி, கிறிஸ்தவப் போதகர்களுக்காகப் பொது வரி போடும் மசோதாவைத் தூக்கிப் பிடித்தார். அவரவர் கட்டும் வரி அவர் சொல்லும் சபைக்கே போகும், நியாயமாகத்தானே இருக்கிறது என்பது வாதம். 1785-ல் மேடிசன் பெயர் போடாமல் 15 காரணம் அடுக்கி மனு எழுதினார். அதில் ஒரு வாதத்தை மனப்பாடம் பண்ணிக்கொள்ளுங்கள் தம்பி: ஒரு மதத்துக்காக ஒரு குடிமகனிடம் மூன்று பென்ஸை மட்டும் கட்டாயமாக வாங்க அதிகாரம் இருக்கிறது என்றால், அதே அதிகாரம் நாளை எல்லாவற்றிலும் அவனை எந்த மதத்துக்கும் பணிய வைக்கும். வாதம் தொகையைப் பற்றியதே இல்லை. வாங்கும் கையைப் பற்றியது.

மேடிசன் மனுவைவிட அதிகம் கையெழுத்து விழுந்தது சுவிசேஷ விசுவாசிகள் சுற்றுக்கு விட்ட இன்னொரு மனுவில். அரசுச் சம்பளம் சுவிசேஷத்தின் ஆவிக்கே விரோதம் என்றார்கள். "என் ராஜ்யம் இவ்வுலகத்திற்குரியதல்ல" என்ற வசனத்தை அன்றைய பாப்டிஸ்டுகள் மேற்கோளுக்காகச் சொல்லவில்லை, சட்ட வாதமாகவே வைத்தார்கள். ஹென்றி மசோதா செத்தது. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய ஜெபர்சன் முன்பே எழுதி வைத்திருந்த மதச் சுதந்திரச் சட்டம் 1786 ஜனவரி 16-ல் நிறைவேறியது. முகவுரையில் "இயேசு கிறிஸ்து" என்ற பெயரைச் சேர்க்க வந்த திருத்தம் பெரும்பான்மையால் தோற்றது என்று ஜெபர்சனே பதிவு செய்திருக்கிறார்.

ஆகவே கேள்வியை இப்படித் திருப்புங்கள்: குருவுக்குச் சம்பளம் யார் கொடுத்தார்கள்? இந்தக் கேள்வியைப் போட்டால் எந்த நாட்டுக்கும் பதில் தெளிவாக வரும்.

தண்டை_தமிழ்:

அக்கா, காசுக் கணக்கு அமெரிக்கச் சாசனத்தை எழுதக் கூடிய சபைக்குள்ளேயே வருகிறது. 1787 ஜூன் 28 அன்று, சபை முட்டி நின்றபோது, பிராங்க்ளின் தினமும் காலையில் ஜெபத்தோடு தொடங்கலாம் என்று சொன்னார். ஹ்யூ வில்லியம்சன் எழுந்து, ஜெபம் இல்லாததற்குக் காரணம் சபையிடம் நிதி இல்லாததே என்றார். தீர்மானம் ஓட்டெடுப்புக்கே போகாமல் சபை கலைந்தது. மூன்று நான்கு பேரைத் தவிர மற்றவர்கள் ஜெபம் தேவையில்லை என்று கருதினார்கள் என்று பிராங்க்ளின் தன் உரைத்தாளில் எழுதி வைத்தார். வாட்ஸ்அப் கதையில் எல்லோரும் முழங்காலில் நின்றதாக வரும். வெட்டி அணிக்கு இது கையில் இருக்கட்டும்.

கல்மண்டபத்தான்:

அருமை. டிரிப்போலி ஒப்பந்தம் என்று ஒன்று வெட்டி அணிக்காரர் கையில் இருக்கிறது. அதை வைத்தே ஜெயித்துவிடலாம் என்கிறார். சரியா?

வண்ணை_சட்டம்:

வைக்கலாம், ஆனால் அதன் ஓட்டையையும் தெரிந்து வைக்க வேண்டும். வட ஆப்பிரிக்க முஸ்லிம் நாடான டிரிப்போலியோடு அமெரிக்கா போட்ட ஒப்பந்தம் அது. 1796 நவம்பரில் அங்கே கையெழுத்தானது, 1797 ஜூன் 7 செனட் ஒருமனதாக ஒப்புதல், ஜூன் 10 ஜான் ஆடம்ஸ் கையொப்பம். 11-ஆம் பிரிவு, அமெரிக்க அரசு எந்தப் பொருளிலும் கிறிஸ்தவ மதத்தின் மேல் நிறுவப்பட்டதல்ல என்கிறது. செனட்டர்கள் முன்னால் வைத்த ஆங்கில வாசகம் இதுதான்.

ஓட்டை எங்கே? அரபு மூலத்தில் அந்த இடத்தில் அப்படி ஒரு பிரிவே இல்லை. வேறொரு கடிதத்தின் வாசகம் இருக்கிறது. இது 1930 வாக்கில் டச்சு அறிஞர் ஸ்னூக் ஹர்கிரோன்யே ஒப்பிட்டுப் பார்த்தபோது தெரிய வந்தது. ஆங்கிலப் பிரதி அமெரிக்கத் தூதர் ஜோயல் பார்லோ தயாரித்தது. 1805-ல் வந்த புதிய ஒப்பந்தத்தில் "நிறுவப்பட்டதல்ல" என்ற சொற்றொடர் இல்லை. எதிரணி இந்த இரண்டையும் எடுத்து வீசினால் பதில் இதுதான்: அரபியில் என்ன இருந்தது என்பது டிரிப்போலியின் விவகாரம். அமெரிக்கச் செனட் எதை வாசித்து ஒப்புக்கொண்டது என்பதே இங்கே சாட்சி. ஒற்றை ஒப்பந்தத்தின் மேல் வீடு கட்டாதீர்கள், ஆறாம் பிரிவின் மேல் கட்டுங்கள்.

அடுத்தது மேற்கோள். சோதிக்கும் முறை சொல்கிறேன். ஒன்று, மேற்கோளோடு தேதியும் யாருக்கு எழுதியது என்பதும் இல்லையென்றால் தனியே எடுத்து வையுங்கள். இரண்டு, அதிலிருந்து தொடர்ந்து வரும் ஐந்து ஆங்கிலச் சொற்களை மேற்கோள் குறிக்குள் போட்டு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் ஃபவுண்டர்ஸ் ஆன்லைனில் தேடுங்கள். வாஷிங்டன், ஆடம்ஸ், ஜெபர்சன், பிராங்க்ளின், ஹாமில்டன், மேடிசன் கடிதங்கள் அங்கே கிடைக்கும். பேட்ரிக் ஹென்றிக்கு அங்கே தனித் தொகுப்பு இல்லை, அதனால் அவர் பெயரில்தான் புளுகு அதிகம் ஓடுகிறது. மூன்று, கிடைத்த வரிக்கு முன்னால் ஒரு பத்தி, பின்னால் ஒரு பத்தி வாசியுங்கள்.

"இந்த மகத்தான தேசம் கிறிஸ்தவர்களால், இயேசுவின் சுவிசேஷத்தின் மேல் நிறுவப்பட்டது" என்று ஹென்றி சொன்னதாக வருவது பொய். 1956-ல் ஓர் இதழில் ஒருவர் தன் கருத்தாக எழுதியது, ஹென்றியின் உயிலில் வந்த வரிக்குப் பக்கத்தில் இருந்ததால் காலப்போக்கில் அவர் வாய்க்குள் போய்விட்டது. மேடிசன் "பத்துக் கட்டளைகளின் மேல் நம் எதிர்காலத்தை வைத்தோம்" என்றதற்கும் மூலம் எங்கும் கிடையாது.

மறுபக்கமும் தப்பு செய்கிறது. "மதமே இல்லாவிட்டால் இதுவே ஆகச் சிறந்த உலகம்" என்று ஆடம்ஸ் 1817 ஏப்ரல் 19 அன்று ஜெபர்சனுக்கு எழுதியதாக வெட்டி அணிகள் சொல்லும். கடிதத்தில் அப்படிக் கத்தத் தோன்றியது என்றுதான் சொல்கிறார். அடுத்த வரியிலேயே மதம் இல்லாத உலகம் நரகம் என்கிறார். பாதி வரியை வெட்டி ஒட்டுவது எந்த அணி செய்தாலும் பாவம்தான்.

தண்டை_தமிழ்:

இன்னொரு இடத்தில் இரண்டு அணியும் வழுக்கும். அரசு மதம் கூடாது, மதச் சுதந்திரம் உண்டு என்ற முதல் திருத்தம் 1791-ல் சாசனத்தில் வந்தது, உடனே எல்லா மாகாணத்திலும் அரசு சபை ஒழிந்தது என்று நினைப்பார்கள். திருத்தம் "காங்கிரஸ் சட்டம் இயற்றாது" என்றே தொடங்குகிறது. அது மத்திய அரசைத்தான் கட்டியது. கனெக்டிகட்டில் அரசு சபை 1818 வரை இருந்தது, மாசசூசெட்ஸில் 1833 வரை. ஜெபர்சன் 1802 ஜனவரி 1 அன்று சபைக்கும் அரசுக்கும் நடுவே "பிரிவினைச் சுவர்" என்று கடிதம் எழுதியது கனெக்டிகட்டின் டான்பரி பாப்டிஸ்டுகளுக்கு. அந்த ஊரில் பாப்டிஸ்ட் ஒருவர் சபை வரியிலிருந்து தப்ப, நான் இன்ன சபை என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்க வேண்டும். எங்கள் விசுவாசத்துக்கு அரசிடம் எதற்குச் சான்றிதழ் என்பது அவர்கள் குறை. சுவர் என்ற உருவகம் வந்த அந்தக் கடிதத்துக்குக் காரணமானவர்கள் நாத்திகர்கள் இல்லை, தண்ணீரில் முழுகி ஞானஸ்நானம் எடுத்தவர்கள். மாகாணங்கள் மேல் முதல் திருத்தத்தின் மதப் பிரிவுகளை நீதிமன்றம் பொருத்தியது 1940 கேன்ட்வெல் வழக்கிலும் 1947 எவர்சன் வழக்கிலும்தான்.

மாசசூசெட்ஸ் எப்படி உடைந்தது என்பதை விளக்கமாகச் சொல்ல வேண்டும், சபைச் சொத்துத் தகராறு பார்த்தவர்களுக்கு உடனே புரியும். 1780 சாசனத்தின் மூன்றாம் பிரிவு, ஊர் வரியிலிருந்து புராட்டஸ்டன்ட் போதகருக்குச் சம்பளம் தர வழி செய்தது. வரி கட்டும் ஊரார் எல்லோரும் சேர்ந்தது பாரிஷ். அதற்குள் திருவிருந்து எடுக்கும் உறுப்பினர்கள் சேர்ந்தது சபை. டெடம் ஊரில் பாரிஷ் ஒரு யூனிடேரியன் (திரித்துவத்தை ஏற்காத) போதகரை அழைத்தது. திரித்துவத்தை விடாத சபை உறுப்பினர்களில் பெரும்பான்மையினர் வெளியேறினார்கள், பதிவேட்டையும் திருவிருந்து வெள்ளிப் பாத்திரங்களையும் நிதிப் பத்திரங்களையும் எடுத்துக்கொண்டு போனார்கள். 1820-ல் போன வழக்கில் நீதிமன்றம், பாரிஷோடு தங்கியவர்கள் எத்தனை பேர் ஆனாலும் அவர்களே சபை, சொத்து அவர்களுக்கே என்றது. சட்டப்படி கிண்ணமும் தட்டும்கூடத் தங்கியவர்களுக்கே என்று ஆயிற்று. அதே மாதிரி ஊர் ஊராக நடந்தது. அதுவரை அரசு வரியை ஆதரித்த வைதீகர்கள், இந்த வரி இப்போது யாருக்குப் போகிறது என்று பார்த்தார்கள். 1833-ல் மூன்றாம் பிரிவை நீக்கும் திருத்தம் பெரும் வித்தியாசத்தில் ஜெயித்தது.

பெரம்பூர்_லோகோ:

இதை மறுக்கவில்லை. ஆனால் 1892 ஹோலி டிரினிட்டி தீர்ப்பில் உச்ச நீதிமன்றமே "இது ஒரு கிறிஸ்தவ தேசம்" என்று எழுதியிருக்கிறதே? நாணயத்தில் "கடவுளை நம்புகிறோம்" என்று இருக்கிறதே?

வண்ணை_சட்டம்:

1892 வழக்கு வெளிநாட்டுக் கூலியாளை ஒப்பந்தம் போட்டு அழைத்து வருவதைத் தடுக்கும் சட்டம் பற்றியது. நியூயார்க் சபை இங்கிலாந்திலிருந்து ஒரு போதகரை அழைத்தது அதில் அடங்குமா என்பது கேள்வி. நீதிபதி புரூவர் அந்த வாக்கியத்தைத் துணைக் காரணமாக எழுதினார். தீர்ப்பின் கட்டுப்படுத்தும் பகுதி அது இல்லை. நாணய வாசகம் 1864-ல், உள்நாட்டுப் போர் நடுவில், இரண்டு சென்ட் காசில் முதலில் வந்தது. தேசிய வாசகமாக ஆனது 1956. கொடி உறுதிமொழியில் "கடவுளின் கீழ்" நுழைந்தது 1954. மூன்றும் நிறுவியவர்கள் காலத்துக்கு வெகு பின்னால். 1864-ல் சாசனத்தின் முகவுரையிலேயே கிறிஸ்துவைச் சேர்க்கச் சொல்லி ஓர் இயக்கம் கிளம்பியது. ஏற்கெனவே அவர் அங்கே இருந்திருந்தால் அந்தத் திருத்தம் கேட்க வேண்டிய தேவையே இருந்திருக்காது. 1861 கூட்டமைப்புச் சாசனம், அதாவது அடிமை முறையைக் காக்கப் பிரிந்த மாகாணங்களின் சாசனம், முகவுரையில் சர்வவல்ல தேவனை அழைத்தது. ஒட்டி அணி இதைத் தொடாமல் இருப்பது நல்லது.

வெளிப்படையாகக் கிறிஸ்தவ அரசு என்றால் எப்படி எழுதுவார்கள் என்று ஒப்பிட அயர்லாந்தைக் காட்டுங்கள். 1937 சாசனம் "மகா பரிசுத்த திரித்துவத்தின் பெயரால்" என்று தொடங்குகிறது. கத்தோலிக்கச் சபைக்கு இருந்த தனி நிலையை 1972 வாக்கெடுப்பில் மக்களே எடுத்தார்கள், முகவுரை மட்டும் நிற்கிறது. இங்கிலாந்தில் ராஜாவே சபையின் தலைவர், 26 பிஷப்புகளுக்குப் பிரபுக்கள் சபையில் இடம். சாம்பியா 1996 சாசன முகவுரையிலும், சமோவா 2017 திருத்தத்திலும் கிறிஸ்தவ தேசம் என்று நேரடியாக எழுதிக்கொண்டன. எழுத நினைத்தவர்கள் எழுதிவிடுகிறார்கள்.

வியாசை_வாசகி:

லோகோ அண்ணே, இப்போது சம்பளக் கேள்வியை மெட்ராஸ் பக்கம் திருப்புங்கள். இந்தப் பகுதியை நம்ம பிள்ளைகளுக்கு யாரும் சொல்லிக் கொடுப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

புனித ஜார்ஜ் கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரீஸ் கோயில் 1680-ல் அங்கிருந்த ஆங்கிலேயர் கொடுத்த நன்கொடையில் எழுந்தது, கிழக்கிந்தியக் கம்பெனிப் பணத்தில் இல்லை. கம்பெனிக்கு ராஜா கொடுத்த 1698 சாசனம் ஒவ்வொரு கோட்டையிலும் போதகர் வைக்கச் சொன்னது, 500 டன்னும் அதற்கு மேலும் உள்ள கப்பலில் சாப்ளின் கட்டாயம் என்றது. கம்பெனிக் கப்பல்கள் 499 டன் என்றே வெகுகாலம் பதிவாயின. 1813 வரை மிஷனரிகளைக் கம்பெனி சந்தேகத்தோடுதான் பார்த்தது, வியாபாரம் கெடும் என்று. 1813 சாசனச் சட்டம் அந்தக் கதவைத் திறந்தது. கூடவே கல்கத்தாவுக்கு ஒரு பிஷப், வருடம் 5,000 பவுண்டு, அவருக்குக் கீழே மூன்று ஆர்ச்டீக்கன்கள் (மூத்த குருமார்), ஆளுக்கு 2,000 பவுண்டு. இது இந்திய வருவாயிலிருந்து. செங்கல்பட்டு விவசாயி கட்டிய கிஸ்தியும் அதில் சேர்த்திதான். 1835-ல் மெட்ராஸுக்குத் தனி பிஷப். வர்ஜீனியாவில் புகையிலை, இங்கே நெல்.

இன்னொரு பக்கம் அதே கம்பெனி 1817-ஆம் வருட ஏழாம் ரெகுலேஷன் மூலம் மெட்ராஸ் மாகாணக் கோயில் நிர்வாகத்தை ரெவின்யூ போர்டு கையில் எடுத்தது. கலெக்டர் தேர்த்திருவிழாவுக்கு ஏற்பாடு செய்தார், சிப்பாய்கள் அணிவகுத்தார்கள். இதை எதிர்த்தவர்கள் மிஷனரிகளும் அவர்களோடு நின்ற அதிகாரிகளும். மெட்ராஸ் படைத் தளபதி சர் பெரிகிரீன் மெய்ட்லண்ட் இந்தப் பிரச்சினையில் 1838-ல் பதவியை விட்டார். கடைசியில் 1863-ஆம் வருட 20-ஆம் சட்டம் அரசின் கையைக் கோயிலிலிருந்து எடுத்தது. கோயிலிலிருந்து அரசு விலகட்டும் என்று கேட்டவர்கள், தங்கள் பிஷப்பின் சம்பளம் அரசுக் கஜானாவிலிருந்து வருவதைப் பெரும்பாலும் கேட்கவில்லை. வர்ஜீனியா பாப்டிஸ்டுகளுக்கும் இவர்களுக்கும் வித்தியாசம் இங்கேதான். இந்தியாவின் ஆங்கிலிகன் சபையை இங்கிலாந்துச் சபையிலிருந்து சட்டப்படி பிரித்தது 1927 இந்தியச் சபைச் சட்டம், நடைமுறைக்கு வந்தது 1930 மார்ச் 1.

பக்கத்திலேயே மறு உதாரணம் நிற்கிறது. விவாதம் நடக்கிற ராயபுரத்தில் புனித பேதுரு கோயிலை எழுப்பியது படகோட்டும் சமூகம். அரசுச் சம்பளத்தை நம்பாத சபை எப்படி நிற்கும் என்று கேட்டால் வெளியே கையைக் காட்டலாம்.

வண்ணை_சட்டம்:

இதன் தொடர்ச்சி இந்திய அரசியல் நிர்ணய சபை. முகவுரையில் "கடவுளின் பெயரால்" என்று சேர்க்க எச்.வி. காமத் 1949 அக்டோபர் 17 அன்று திருத்தம் கொண்டு வந்தார். கடவுளை ஓட்டுக்கு விடாதீர்கள் என்று பூர்ணிமா பானர்ஜி கெஞ்சினார். ஓட்டுக்கு விட்டார்கள்: ஆதரவு 41, எதிர்ப்பு 68.

கிறிஸ்தவர் பங்கு இங்கே நேரடியாக உண்டு. சபையின் துணைத் தலைவர் எச்.சி. முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர், சிறுபான்மையினர் துணைக் குழுவுக்கும் அவரே தலைவர். மத அடிப்படையில் தொகுதி ஒதுக்கீடு வேண்டாம் என்ற முடிவை 1949 மே மாதம் ஆலோசனைக் குழுவில் முன்மொழிந்ததும் அவர். மெட்ராஸிலிருந்து போன இயேசு சபைக் குரு ஜெரோம் டிசூசாவும் அதை ஆதரித்தார். கிறிஸ்தவ உறுப்பினர்கள் விடாமல் பிடித்த சொல், இன்றைய 25-ஆம் பிரிவில் வரும் "பரப்ப" என்பது. 1948 டிசம்பர் 6 விவாதத்தில் அதைக் காத்துப் பேசியவர்களில் கே.எம். முன்ஷியும் டி.டி. கிருஷ்ணமாச்சாரியும் உண்டு. தான் 14 வருடம் கிறிஸ்தவ நிறுவனங்களில் படித்தும் தன்னை மதம் மாற்ற யாரும் முயலவில்லை என்றார் டி.டி.கே. 1977 ஸ்டானிஸ்லாஸ் தீர்ப்பு, பரப்பும் உரிமையில் மற்றவரை மதம் மாற்றும் உரிமை அடங்காது என்றது.

மேடிசனின் மூன்று பென்ஸுக்கு நம் சாசனத்தில் நேர் உறவினர் 27-ஆம் பிரிவு: ஒரு குறிப்பிட்ட மதத்தை வளர்க்கச் செலவாகும் வரியைக் கட்ட யாரையும் கட்டாயப்படுத்த முடியாது. இதை முதலில் உரசிப் பார்த்ததும் மெட்ராஸ் வழக்குதான், 1954 ஷிரூர் மடம். மெட்ராஸ் 1951 அறநிலையச் சட்டம் மடங்களிடம் வருமானத்தில் 5 சதவீதம் வரை கேட்டது. அது கட்டணம் இல்லை, வரி, அதைப் போட மாகாணத்துக்கு அதிகாரம் இல்லை என்று உச்ச நீதிமன்றம் அடித்தது. ஆனால் நிர்வாகத்துக்கான பணம் மதத்தை வளர்ப்பதாகாது, ஆகவே 27 மீறப்படவில்லை என்றும் சொன்னது. இதே சாசனத்தில் 290-ஏ பிரிவு இருக்கிறது: திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து வந்த பகுதிக் கோயில்களுக்காகத் தமிழ்நாடு வருடம் 13 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் தேவஸ்வம் நிதிக்குத் தர வேண்டும். அமெரிக்கச் சுவர் இங்கே இல்லை. அரசு எல்லா வாசலிலும் ஒரு கால் வைத்திருக்கிறது.

உதவி பெறும் பள்ளி பற்றிக் கேள்வி வரும், தயாராக இருங்கள். மிஷன் பள்ளி ஆசிரியருக்கு அரசு சம்பளம் தருகிறது. அதற்கு ஈடாக 28(3): பிள்ளையின் சம்மதம், சிறு வயதென்றால் பெற்றோர் சம்மதம் இல்லாமல் வேதபாட வகுப்பிலோ ஜெபத்திலோ உட்கார வைக்கக் கூடாது. முழுக்க அரசு நிதியில் ஓடும் பள்ளியில் 28(1)-ன்படி மதபோதனையே கூடாது.

பெரம்பூர்_லோகோ:

திருமணம் பற்றி அக்கா வர்ஜீனியாவில் சொன்னது இங்கேயும் பொருந்துகிறதே. 1872 இந்தியக் கிறிஸ்தவத் திருமணச் சட்டம் இன்றும் இருக்கிறது. வியாசர்பாடி, கொடுங்கையூர் பக்கம் சுயாதீன சபைப் போதகர்கள் பலர் அரசு உரிமம் இல்லாமல் திருமணம் நடத்திவிட்டுப் பிறகு பதிவில் சிக்குகிறார்கள்.

வண்ணை_சட்டம்:

ஆமாம். அந்தச் சட்டம் எழுதியவர்கள் மனதில் இருந்தவை ஆங்கிலிகன், ஸ்காட்லாந்து, ரோமன் சபைகள். மற்றவர்களுக்கு அரசு உரிமம் வேண்டும். பொது நேரம் காலை 6 முதல் மாலை 7 வரை. மணமகன் 21, மணமகள் 18, சாட்சி குறைந்தது இரண்டு பேர். அதிகாரம் இல்லாமல் நடத்தினால் 68-ஆம் பிரிவில் பத்து வருடம் வரை சிறை. போதகர் பட்டம் வேறு, திருமண உரிமம் வேறு என்பது தெரியாமல்தான் பலர் மாட்டுகிறார்கள்.

தண்டை_தமிழ்:

ஒன்றை விட்டுவிட்டோம், இது நம்ம பேட்டைக்கு மிக நெருக்கம். பதவிக்கு மதத் தகுதி இல்லை என்கிறோம். பட்டியல் சாதிகள் பற்றிய 1950 ஜனாதிபதி ஆணையின் மூன்றாம் பத்தியைப் பாருங்கள்: இந்து அல்லாதவர் பட்டியல் சாதியாகக் கருதப்பட மாட்டார். 1956-ல் சீக்கியரையும் 1990-ல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் வெளியே. 1985 சூசை வழக்கு சென்னையில் சாலையோரம் செருப்பு தைத்த ஒருவருடையது. இந்து ஆதிதிராவிடச் செருப்புத் தொழிலாளிகளுக்கு அரசு இலவசமாகப் பெட்டிக்கடை கொடுத்தது, அதே சாதி, அதே தொழில், கிறிஸ்தவர் என்பதால் இவருக்கு இல்லை. மதம் மாறிய பிறகும் அதே அளவு இழிவு தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் வைக்கவில்லை என்று உச்ச நீதிமன்றம் மனுவைத் தள்ளியது. திரு.வி.க. நகர் தனித் தொகுதி. புளியந்தோப்பில் அடுத்தடுத்த வீட்டில் இருக்கும் அண்ணன் தம்பியில், ஞானஸ்நானம் எடுத்தவர் அங்கே வேட்புமனு போட முடியாது. டெலவேர் 1776-ல் கேட்ட கேள்வியைத் திருப்பிப் போட்டதுதானே இது?

பெரம்பூர்_லோகோ:

தோழர், அப்படிச் சமன்படுத்த முடியாது. ஒதுக்கீடு சாதிக் கொடுமைக்குப் பரிகாரம், மதத்துக்குப் பரிசு இல்லை. கிறிஸ்தவம் சாதியை ஏற்கவில்லை என்று சபைகளே சொன்னால், பரிகாரம் எதற்கு என்று எதிரே கேட்பார்கள்.

தண்டை_தமிழ்:

வேதம் ஏற்கவில்லை. தெரு விடவில்லை. தமிழ்நாட்டிலேயே தனி வரிசை, தனிக் கல்லறை இருந்த கோயில்கள் உண்டு, வடக்கன்குளத்தில் நடுவே சுவரே இருந்தது. பரிகாரம் யாருக்கு என்று முடிவு செய்ய அரசு சாதியைப் பார்க்கட்டும், ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்க்கக் கூடாது என்பதே வாதம். இங்கே நமக்குள் ஒத்துவராது, அப்படியே இருக்கட்டும்.

வியாசை_வாசகி:

விவாதத் தலைப்புக்கு வெளியே போகிறது என்று நடுவர் தடுக்கலாம். ஆனால் மறுமொழி நேரத்தில் கேள்வியாக வைக்கலாம்.

கல்மண்டபத்தான்:

எல்லாவற்றையும் இரண்டு அணிக்கும் பிரதி எடுத்துக் கொடுக்கிறேன். ஒட்டி அணி மாகாண உறுதிமொழிகளில் தொடங்குகிறது, வெட்டி அணி புகையிலையில். ஒரு சந்தேகம்: டெலவேர் உறுதிமொழி எவ்வளவு காலம் இருந்தது?

வண்ணை_சட்டம்:

16 வருடம். 1792-ல் எழுதிய புதிய சாசனத்தில் அவர்களே எடுத்துவிட்டார்கள். பென்சில்வேனியா 1790-ல் இரண்டு ஏற்பாடுகள் என்பதைத் தளர்த்தி, கடவுளும் மறுமையில் பலனும் தண்டனையும் உண்டு என்று நம்பினால் போதும் என்றது. மேரிலாந்து மட்டும் நோட்டரி பப்ளிக் பதவிக்குக்கூடக் கடவுள் நம்பிக்கை கேட்டு 1961 டொர்காசோ வழக்கில் தோற்றது. மூன்று வருடத்தையும் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், மேடையில் மாறிப் போகும்.